காற்றைவிடத் தண்ணீருக்குப் பயப்படுங்கள், தம்பி

ஆகஸ்டில் மனைவி, கைக்குழந்தையோடு டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு வருகிறேன், நகருக்கு மேற்கே இருக்கும் கேட்டி பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறேன், புயல் காலத்துக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், ஜெனரேட்டர் அவசியமா, பள்ளிக்கூடங்கள் எப்படி, நம்மூர்க் காய்கறி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்கறி தாராளமாகக் கிடைக்கும். பள்ளிக்கூடத்தைக் குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். புயலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நாங்களும் 2005 ஆகஸ்டில் கைக்குழந்தையோடுதான் இங்கே வந்து இறங்கினோம். அடுத்த மாதமே ரீட்டா புயல்.

நான் நாகப்பட்டினத்துக்காரி, 1977 புயலின் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள். போதாததற்கு, கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்ததை அப்போதுதான் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். எங்களை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. ஊர் கிளம்பியது, நாங்களும் கிளம்பினோம். 45ஆம் நெடுஞ்சாலையில் 16 மணி நேரத்தில் 40 மைல் நகர்ந்தோம். பெட்ரோல் தீர்ந்துவிடுமே என்று ஏசியை அணைத்துவிட்டு, ஈரத் துண்டால் குழந்தையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் அழுவதை நிறுத்தியபோதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. பக்கத்து வண்டியிலிருந்த ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி ஒன்றும் பேசாமல் ஒரு பை ஐஸ் கட்டியை நீட்டினார். கான்ரோவில் வண்டியைத் திருப்பிவிட்டோம். அந்த வெளியேற்றத்தில் ஏறக்குறைய 100 பேர் இறந்தார்கள். முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பஸ் டாலஸ் அருகே தீப்பிடித்ததில் மட்டும் 23 பேர். கால்வெஸ்டன் கடற்கரையில் இருந்தவர்கள் போக வேண்டிய சாலையை அடைத்துக்கொண்டு நின்றவர்களில் நாங்களும் இருந்தோம் என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஆகவே, காற்றுக்குப் பயந்து ஓடாதீர்கள். யார் வெளியேற வேண்டும் என்பதை அஞ்சல் குறியீட்டை வைத்து அறிவிப்பார்கள். அது கடலோரப் பகுதிகளுக்கானது. கேட்டி அதில் வராது.

கேட்டியில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. அங்கே பார்க்கர் என்று ஒரு வெள்ளத் தேக்கம் இருக்கிறது. சாதாரண நாளில் அதில் தண்ணீரே இருக்காது. உள்ளே பூங்கா, பந்து விளையாடும் மைதானம் எல்லாம் உண்டு. பெருமழை வந்தால் நகரின் நடுப்பகுதியைக் காப்பாற்ற அங்கேதான் தண்ணீரைத் தேக்குவார்கள். தேக்கம் நிரம்பினால் தண்ணீர் பின்வாங்கி நிற்கக்கூடிய நிலத்திலும் வீடுகளைக் கட்டி விற்றிருக்கிறார்கள். 2017இல் ஹார்வி புயலின்போது அந்த வீடுகள் மூழ்கின. வாடகை வீடாக இருந்தாலும் வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். தேக்கத்துக்குள் இருக்கும் அந்தப் பூங்காவுக்கு எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள். முடிந்தால் மாடியில் குடியேறுங்கள்.

வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீடோ வாடகைதாரர் காப்பீடோ வெள்ளத்துக்குப் பணம் தராது. வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் அரசுத் திட்டத்தில் 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். ஆனால் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் காலம் உச்சத்துக்கு வருவது செப்டம்பரில். முகவரி முடிவான அன்றே எடுத்துவிடுங்கள். நம்மவர்களிடம் எனக்குத் தீராத கோபம் இதில்தான். மெக்சிகோ வளைகுடாவில் மேகம் திரண்டால் தண்ணீர்ப் பாட்டிலையும் அரிசி மூட்டையையும் கடையோடு வாரிக்கொண்டு வருவார்கள். காப்பீட்டைப் பற்றிப் பேசினால் "எங்கள் தெருவில் தண்ணீர் வந்ததே இல்லை" என்பார்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர், குழந்தைக்குப் பால் பவுடர், மருந்து, டார்ச் விளக்கு, கையில் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் போதும். ஜெனரேட்டர் வசதிதான். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது எங்கள் வீட்டில் எட்டு நாள் மின்சாரம் இல்லை. ஆனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டவே கூடாது. ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

ஹார்விக்குப் பிறகு என் தோழியின் வீட்டைச் சுத்தம் செய்யப் போயிருந்தேன். அதுவும் தேக்கத்தை ஒட்டிய தெருதான். வெள்ளக் காப்பீடு தேவையில்லை என்று வீட்டை விற்றவர் சொன்னாராம். தண்ணீர் ஒரு வாரம் உள்ளே நின்றிருந்தது. சுவரில் இடுப்பளவுக்குப் பழுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு முழம் விட்டுப் பலகைச் சுவரை அறுத்து எடுத்தோம்; வெப்பம் தடுக்க உள்ளே அடைத்திருந்த பஞ்சு, ஊறிய சோறு போலக் கையோடு வந்தது. முகூர்த்தப் புடவையின் அரக்கு மற்ற புடவைகளிலெல்லாம் ஏறியிருந்தது. அவள் அழவில்லை. ஊரிலிருந்து விமானத்தில் தூக்கி வந்த கிரைண்டரை வாசலில் குப்பைக் குவியலின் மேல் வைத்தவள், திரும்பிப் போய்ச் சேற்றில் தேடி அதன் குழவிக்கல்லை எடுத்து வந்து அதற்குள்ளேயே வைத்தாள்.