கசிகிற படகா, காய்ந்த படகா?

கேள்வி: இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில் இருக்கிறோம். கால்வாயில் ஒரு பழைய மரப் படகு வாங்கி, அதிலேயே குடியிருக்க ஆசை. இரண்டு பார்த்தோம். ஒன்று பல வருடமாகக் கரையில் ஏற்றி வைத்தது. புது பெயின்ட், சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்கிறார் விற்பவர். இன்னொன்று தண்ணீரிலேயே கிடக்கிறது. பார்க்க அழுக்கு, கொஞ்சம் கசிவும் உண்டு, அவ்வப்போது பம்ப் ஓடுகிறது. எதை வாங்கலாம்? பராமரிப்பு எப்படி?

பதில்: முதலில் கசிகிற படகைப் போய்ப் பாருங்கள். கரையில் நிற்கிற படகுக்குள் தண்ணீர் வராததில் என்ன பெருமை?

தண்ணீரில் கிடக்கும் பலகை ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கரையேற்றிவிட்டால் காய்ந்து சுருங்கும், இடுக்குகள் வாய் பிளக்கும், தண்ணீர் புகாமல் இருக்க அவற்றில் அடித்த சணல் நார் தளர்ந்துவிடும். மறுபடி இறக்கினால் கொஞ்ச நாளில் ஊறி அடைத்துக்கொள்ளும் என்பார்கள். நல்ல பலகை அடைத்துக்கொள்ளும், உண்மைதான். வருடக்கணக்கில் வெயிலில் நின்று முறுக்கிக்கொண்ட பலகையும், ஆணி பிடுங்கிக்கொண்ட பலகையும் அடைக்காது. மேலே கூரை போட்டு, ஈரம் காத்து வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த பெயின்ட் வாங்குபவர் கண்ணுக்காக அடித்தது.

மரப் படகை அழிப்பது பெரும்பாலும் மேலிருந்து வருகிற மழைத் தண்ணீர். தண்ணீருக்கு அடியிலேயே மூழ்கியிருக்கும் மரத்துக்குக் காற்று போதாது, பூஞ்சை வளராது. மரத்தைத் துளைக்கும் கடல்புழுவும் நன்னீரில் கிடையாது. ஈரமும் காற்றும் சேர்கிற இடத்தில்தான் மரம் உளுக்கும். ஆகவே கேபின் சுவர் பக்கப்பலகையோடு சேரும் கோடு, பின்பக்கத் தளத்தின் அடி, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்கும் நட்டுமரத்தில் பலகை முனைகள் வந்து முட்டும் இடம், வெளியே உரசலுக்காக அடித்த சட்டங்களின் பின்புறம், இவற்றை விடாமல் பாருங்கள். ஒரு சின்னச் சுத்தியலும் குத்தூசியும் போதும். தட்டினால் 'டக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். 'பொத்' என்றால் அங்கே ஊசியை அழுத்துங்கள். வெண்ணெயில் போவதுபோல இறங்கினால் அந்தப் பலகை போனது. ஆணியைச் சுற்றி மையாய்க் கறுத்திருந்தால் இரும்பும் ஓக் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து மரத்தை அரிக்கின்றன என்று அர்த்தம். ஆணியின் பிடியும் போயிருக்கலாம்.

அப்புறம் அணியத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படகின் விளிம்புக் கோட்டைப் பாருங்கள். 70 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள படகு, தாங்கல் சரியில்லாமல் நின்றாலோ, கிரேனில் தப்பாகத் தூக்கினாலோ நடு எழும்பி முனைகள் தொங்கிவிடும். நிமிர்த்துவது பெரிய வேலை. வெளிப்புறத்தை ஃபைபர்கிளாஸால் போர்த்திய படகென்றால் பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் உறைக்குள்ளேயே மரம் மட்கிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் பக்கங்கள் ஓக்காக இருக்கும், அடி எல்ம். அடிப்பலகைகள் குறுக்குவாட்டில் போட்டிருப்பார்கள். 1960களின் பிற்பகுதியில் பரவிய நோயில் இங்கிலாந்தின் எல்ம் மரங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின, அகலமான எல்ம் பலகை இன்று லேசில் கிடைக்காது. ஒரு பக்கப்பலகையை மாற்றுவதும் ஆணி அடிக்கிற வேலையல்ல. ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வளைத்துப் பூட்ட வேண்டும். படகின் விலையைவிட இந்தச் செலவுதான் உங்களை உலுக்கும்.

காகித விஷயம் சுருக்கமாக. அந்தக் கால்வாய்களில் பெரும்பாலானவற்றை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் உரிமம், காப்பீடு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். சொந்த நிறுத்துமிடம் இல்லையென்றால் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அப்படி நகர்பவர்களுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல். விற்பவர் பாதுகாப்புச் சான்றிதழை ஆட்டிக் காட்டினால் மயங்காதீர்கள். அது கேஸ், எரிபொருள், மின்சாரம் போன்றவற்றைத்தான் பார்க்கிறது. அடிப்பலகை உளுத்துப்போன படகும் அதில் தேறலாம்.

பராமரிப்பில் பெரியது டாக் வேலை, அதாவது படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றிப் பழுதுபார்ப்பது. இரும்புப் படகுக்காரர்கள் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுவார்கள், நீங்கள் வருடம் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏற்றியாக வேண்டும். தளர்ந்த இடுக்குகளில் தார் தோய்த்த சணல் நாரை அடித்து இறுக்கி, மேலே தார் பூசுவார்கள். நம் ஊர்த் தோணிக்காரர்கள் கலப்பற்று என்பார்களே, அதேதான். அந்தக் காலத்தில் இங்கே தாரோடு மாட்டு முடியும் குதிரைச் சாணமும் கலந்து காய்ச்சிச் சுடச்சுடப் பூசியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் சட்டென்று இறக்கிவிடுங்கள். வெயில் நாளென்றால் பக்கங்களில் ஈரச் சாக்கைப் போர்த்தி வையுங்கள்.

மற்றபடி, மேல்தளத்து ஒழுகலை அன்றைக்கே அடையுங்கள். அடித்தளத்தில் காற்று ஓட விடுங்கள். கசிவு இருப்பதைவிடக் கசிவு மாறுவதுதான் சேதி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பம்ப் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். திடீரென்று கூடினால் எங்கோ நார் போயிருக்கிறது. பம்பின் பேட்டரியைத் தீர விடாதீர்கள், நின்ற இடத்திலேயே படகு மூழ்கும். குளிர்காலத்தில் கால்வாய் உறைந்திருந்தால் படகை எடுக்கவே எடுக்காதீர்கள். மெல்லிய பனித்தகடுகூட நீர்மட்டக் கோட்டில் மரத்தை ரம்பமாய் அறுத்துவிடும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. படகுக்கு முன்னால் டாக்கைத் தேடுங்கள். மர வேலை தெரிந்த கைகள் இப்போது குறைவு, முறைக்குக் காத்திருக்க வேண்டிவரும். அதற்குப் பிறகு கசிகிற படகுக்கு, ஆய்வுக்கு உட்பட்டது என்று எழுதி முன்பணம் கொடுங்கள். ஆய்வாளர் மரப் படகு பார்த்துப் பழகியவராகவும், நீங்களே அமர்த்தியவராகவும் இருக்கட்டும். ஆய்வுக்காகப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் முன்பணமும் வேண்டாம்.