தலையும் காலும் இல்லாத உயிரை வரையும் பிள்ளை

அம்மா, வணக்கம்.

போன வாரம் நீங்கள் கொண்டுவந்த இயற்பியல் நோட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "பிளஸ் ஒன் படிக்கிற பையன் வேற்றுக்கிரகவாசி வரைஞ்சுட்டு உட்கார்ந்திருக்கானே" என்று கலங்கினீர்கள். கடைசிப் பக்கத்தில் தலை, கை, கால் எதுவும் இல்லாமல், பாறையில் படர்ந்த பாசி போல ஒன்றை வரைந்திருந்தான். "இது எப்படித் தம்பி பேசும்?" என்றேன். "பேசாது சார். ஒரு பக்கம் சூடாகும், இன்னொரு பக்கம் ஆறும். அதுதான் அதோட பேச்சு" என்றான். ஓரத்தில் வெப்பக் கடத்தல் கணக்கு ஒன்றும் இருந்தது. விடை தப்பு. ஆனால் யாரும் சொல்லாமல் போட்ட கணக்கு அது.

பச்சைத் தோலும் பெரிய கண்ணுமாக ஒரு மனிதனை வரைவது எளிது. மனித உடம்பே இல்லாத உயிரை யோசிக்க, அது எதைத் தின்னும், எதனால் உணரும் என்று தெரிய வேண்டும். அதனால்தான் இத்தகைய கதைகளைப் பல விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். வானியலாளர் பிரெட் ஹாயில், சிந்திக்கும் வாயு மேகம் ஒன்றை வைத்து நாவல் எழுதியது 1957இல். விண்மீன்களுக்குள் தனிமங்கள் உருவாகும் விதத்தை விளக்கிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை மூன்று பேரோடு சேர்ந்து வெளியிட்டதும் அதே ஆண்டுதான். ராபர்ட் ஃபார்வர்ட் என்ற இயற்பியலாளர் 1980இல் எழுதிய நாவலின் உயிர்கள் நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த உருண்டை) மேல் வாழ்பவை. எள் அளவுதான் இருக்கும். அங்குள்ள கடும் ஈர்ப்பு விசையில் அதற்கு மேல் உயரமாக நிற்க முடியாதே!

மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று முடிவு செய்ய, தம்பி எந்தக் கேள்வியில் அதிக நேரம் நிற்கிறான் என்று ஒரு மாதம் கவனியுங்கள். எனக்குப் பட்டது, "எப்படிப் பேசும்" என்பதில்தான். 2016இல் வந்த 'அரைவல்' படத்தில் ஏழு கால் கொண்ட உயிர்கள் வட்ட வட்டமாக எழுதும். அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஜெசிகா கூன். மாயன் மொழிகளை ஆராய்கிறவர். மொழியியல் நமக்கும் தூரமில்லை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது. கணினியும் பிடிக்கும் என்றால் ஹைதராபாத் ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இரண்டும் சேர்ந்த படிப்பு உண்டு.

"எப்படி உயிர் வாழும்" என்பதில் நின்றால் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்). அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. பக்கத்தில் திருப்பதியிலேயே ஒன்று இருக்கிறது. வரைவதில்தான் ஆசை என்றால் யுசீட் (வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எழுதட்டும். ஜனவரியில் நடக்கும், பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் எழுதலாம். நீங்கள் பயப்படுவது போல, ஓவியம் என்றால் கணக்கை விட்டுவிட வேண்டும் என்பதில்லை.

கதை எழுதியே பிழைத்துக்கொள்வான் என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு பட்டம் கையில் இருக்கட்டும். ஆனால் அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அம்மா. அந்தத் தப்பான கணக்கை இயற்பியல் வாத்தியாரிடம் காட்டித் திருத்தி வாங்கச் சொல்லுங்கள். அரையாண்டு லீவில் அவனையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம்.