தமிழகம் வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு நினைவுநாளில் ஐந்து நிமிடம் பேச எதைச் சொல்லலாம்?

பிப்ரவரி 23 அவர் இறந்த நாள் (1719, வயது 36). பிறப்பு வளர்ப்பிலேயே நேரத்தைக் கரைக்காமல், 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியதிலிருந்து தொடங்குங்கள்.

அவருடைய விசுவாசத்தைக் காட்ட 1708-இன் சிறைவாசம் போதும். அடைத்தது தரங்கம்பாடியின் டேனிஷ் (டென்மார்க்) கோட்டைத் தளபதி; அவரை ஊழியத்துக்கு இங்கே அனுப்பி வைத்ததோ அதே டென்மார்க்கின் அரசர்! ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து வெளியே வந்தவர், ஊழியத்தை விடவில்லை.

அச்சு வேலையையும் விரிவாகச் சொல்லலாம். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

மேடைகளில் அடிக்கடி வரும் பிழைகள்: முழு வேதாகமத்தையும் அவரே மொழிபெயர்த்தார் என்பது தவறு. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் அவர் செய்தது. மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே. முதல் தமிழ் அச்சு நூலும் அவருடையதல்ல. 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சாகிவிட்டது.