பிரிண்டரை அணைத்தாலும் வரிசை அப்படியேதான் இருக்கும்

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டரில் உபுண்டு இயங்குதளம் போட்ட மூன்று கம்ப்யூட்டர்கள், ஒரே ஒரு லேசர் பிரிண்டர். ஒருவர் வினாத்தாளை 200 பிரதி கொடுத்துவிட்டால், ஃபீஸ் ரசீதுக்குப் பெற்றோர் நின்றுகொண்டே இருக்கிறார்கள். பிரிண்டரை அணைத்துப் போட்டாலும் மறுபடி வினாத்தாளே வருகிறது. பெரிய வேலைகளைத் தள்ளிப்போட கமாண்ட் லைனில் வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த அணைத்துப் போடும் வேலையை விட்டுவிடுங்கள். அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் வரிசை இருப்பது பிரிண்டருக்குள் அல்ல. பிரிண்டர் இணைந்திருக்கும் கம்ப்யூட்டரில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் அதை வைத்திருக்கிறது. பிரிண்டர் மறுபடி உயிர் பெற்றதும், விட்ட வேலையைத்தான் முதலில் அனுப்பும். ஆகவே கீழே வரும் கட்டளைகளை அந்தக் கம்ப்யூட்டரின் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) கொடுங்கள். இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகள், ஹெச் மட்டும் பெரிய எழுத்து. பிரிண்டரின் பெயர் 'லேசர்' என்று வைத்துக்கொள்வோம்.

'எல்பிஸ்டாட் -ஓ' என்றால் காத்திருக்கும் வேலைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் லேசர்-214 என்பதுபோல ஓர் எண் இருக்கும். ரசீதின் எண் அதுவானால், 'எல்பி -ஐ லேசர்-214 -க்யூ 100' என்று கொடுங்கள். முன்னுரிமை 1 முதல் 100 வரை. எதுவும் சொல்லாவிட்டால் 50. எனவே 100 கொடுத்த ரசீது வரிசையின் முன்னால் போய் நிற்கும். வேறொருவர் அனுப்பிய வேலையில் கை வைக்க, கட்டளைக்கு முன், நிர்வாகி உரிமை தரும் 'சுடோ' சேர்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் முன்னுரிமை, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை இடைமறிக்காது. 200 பிரதி ஒரே வேலையாகப் போய் அச்சாகத் தொடங்கிவிட்டால், அது முடிந்த பிறகுதான் ரசீது. அதனால் பிரதிகளை உடைத்து அனுப்பச் சொல்லுங்கள்: 'எல்பி -டி லேசர் -என் 25' என்று எழுதி அப்புறம் கோப்பின் பெயர். இப்படி எட்டு முறை அனுப்பினால், ஒவ்வொரு இருபத்தைந்துக்கும் நடுவே ரசீது புகுந்துவிடும். உங்கள் சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

தள்ளிப்போட, அனுப்பும்போதே '-ஹெச்' சேர்க்க வேண்டும். '-ஹெச் நைட்' பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் கப்ஸின் கணக்கில் இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. டியூஷனில் கூட்டம் நெரியும் நேரமே அதுதான்! 'தேர்ட்-ஷிஃப்ட்' என்றால் நள்ளிரவுக்குப் பிறகு. மணியைக் குறிப்பிட்டும் சொல்லலாம். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கப்ஸ் அந்த மணியை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளாது, யூடிசி எனும் உலகப் பொது நேரமாகத்தான் எடுக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக் கொடுக்க வேண்டும். இரவு 9.30க்கு அச்சாக வேண்டுமென்றால் '-ஹெச் 16:00'. அந்த நேரத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆளில்லாத நேரத்தில் 200 தாள் ஓடவிடுவது எனக்கு அவ்வளவு உவப்பில்லை. பேப்பர் சிக்கினாலோ ட்ரே காலியானாலோ காலையில்தான் தெரியும், தேர்வும் அன்றைக்கே இருக்கும். அதைவிட '-ஹெச் ஹோல்டு' போட்டு நிறுத்திவைத்து, கூட்டம் கலைந்ததும் 'எல்பி -ஐ லேசர்-215 -ஹெச் ரெஸ்யூம்' என்று விடுவிப்பதுதான் நல்லது. வரிசையில் ஏற்கெனவே காத்திருக்கும் வேலையையும் இதேபோல '-ஐ' போட்டு எண்ணைச் சொல்லி நிறுத்திவைக்கலாம்.

சில நேரம் எதுவுமே வராமல் நிற்கும். 'எல்பிஸ்டாட் -பி' கொடுத்துப் பாருங்கள். 'டிஸேபிள்டு' என்று காட்டினால், பிழை எதனாலோ கப்ஸ் வரிசையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். பேப்பரைச் சரிசெய்துவிட்டு 'கப்ஸ்எனேபிள் லேசர்' கொடுத்தால் ஓடத் தொடங்கும். அடிக்கடி இப்படி ஆனால், 'எல்பிஅட்மின் -பி லேசர் -ஓ பிரிண்டர்-எரர்-பாலிசி=ரீட்ரை-ஜாப்' என்று ஒருமுறை கொடுத்துவையுங்கள். அதற்குப் பிறகு பிழை வந்தால் நின்றுவிடாமல், சற்று நேரம் கழித்துத் தானே மறுபடி முயலும்.

டோனர் மாற்றும்போது 'கப்ஸ்டிஸேபிள் லேசர்' போதும். அச்சு நிற்கும், புது வேலைகள் வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கும். புது வேலையே வேண்டாம் என்றால் 'கப்ஸ்ரிஜெக்ட் லேசர்'. திரும்பத் திறக்க 'கப்ஸ்அக்செப்ட்'.

தவறாக அனுப்பியதை நீக்க 'கேன்சல் லேசர்-216'. 'கேன்சல் -ஏ' என்பது மொத்த வரிசையையும் துடைத்துவிடும், அதில் ரசீதும் போகும். அந்தக் கட்டளையை முன்மேசையில் இருப்பவருக்குச் சொல்லித்தர வேண்டாம்.