ஏற்காடு பக்கம் போனதும் ஃபிளைட் சிமுலேட்டர் திணறுது: பதில்

வணக்கம் நண்பரே. ஃபிளைட் சிமுலேட்டர் (விமானம் ஓட்டுற கேம்) ஓடுறது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டுல, 6 ஜிபி மெமரி, செட்டிங் எல்லாம் அல்ட்ரா. காமலாபுரத்துல (சேலம் ஏர்போர்ட்) ஏறும்போது சரியா இருக்கு, ஏற்காடு மலையை நெருங்கினா விட்டு விட்டு நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க.

முதல்ல டெவலப்பர் மோடுல எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டியை ஆன் பண்ணுங்க. 'லிமிடெட் பை மெயின்த்ரெட்'னு வந்தா சுமை சிபியூ (மெயின் ப்ராசஸர்) மேல. டெரெய்ன் எல்ஓடியை (தரையை எவ்வளவு தூரத்துக்கு நுணுக்கமா வரையணும்ங்கற செட்டிங்) 200ல இருந்து 100க்கு இறக்குங்க. அப்போ மேகத்தோட தரத்தைக் குறைச்சுப் பிரயோஜனமில்லை.

'லிமிடெட் பை ஜிபியூ'ன்னா சுமை கிராஃபிக்ஸ் கார்டு மேல; மேகத்தை அல்ட்ரால இருந்து ஹைக்கு மாத்துங்க, அதுலதான் பெரிய லாபம். டாஸ்க் மேனேஜர்ல கார்டு மெமரி 6 ஜிபியை ஒட்டி நின்னா டெக்ஸ்சர் ரெசல்யூஷனை (பரப்புகள் மேல ஒட்டுற படங்களோட துல்லியம்) மீடியமாக்குங்க. மெமரி வழிஞ்சு சாதா ரேமுக்குப் போகும்போதுதான் அந்த விட்டு விட்டு நிக்கிறது வரும். ரெண்டர் ஸ்கேலிங்கை (படத்தை எத்தனை சதவீத அளவுல வரையணும்ங்கறது) மட்டும் 80க்குக் கீழ கொண்டுபோகாதீங்க. ஆல்டிமீட்டர் (உயரம் காட்டுற கருவி) எண்கள் கலங்கிடும், மலைகிட்ட அது ரொம்ப முக்கியம்.

என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை 30ல வைங்க. நிலையான 30, ஏறி இறங்குற 50ஐ விட கண்ணுக்கு நல்லா இருக்கும்.

சேலம் வெயில்ல கார்டு 83 டிகிரியைத் தொடுதான்னும் பாருங்க. தொட்டா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். கேபினட் தூசியைத் துடைங்க.

ஒவ்வொண்ணா மாத்தி, அதே வழியில பறந்து பார்த்துட்டு காட்டியில வந்ததை எழுதுங்க.