நோயாளியின் மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் பரவியது: பழி நர்ஸ் மேல் மட்டுமா?

கேள்வி: ஹோம் நர்சிங் ஏஜென்சி ஒன்றின் மூலம் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். கொடுத்த மருந்து, சீட்டின் போட்டோ எல்லாவற்றையும் ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. மனநல சிகிச்சையில் இருக்கும் பெரியவர் ஒருவரின் சீட்டையும் அப்படித்தான் போட்டேன். வேலையை விட்டுப்போன பிறகும் குரூப்பில் இருந்த ஒருவர் மூலமாக அது அந்தப் பெரியவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சம்பந்தம் நின்றுவிட்டது. ஏஜென்சிக்கும் எனக்கும் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏஜென்சி குரூப்பைக் கலைத்துவிட்டது. "என் கவனக்குறைவுதான் காரணம்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டால்தான் நிறுத்திவைத்த சம்பளம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த ஸ்டாம்ப் பேப்பர். கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் சொல்லி எழுதுவதானாலும் சரி, வெற்றுத்தாளானாலும் சரி, நாளைக்கு அந்த ஒரு தாளைக் காட்டித்தான் மொத்தப் பொறுப்பையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். சம்பளம் நீங்கள் செய்த வேலைக்கான கூலி, அதற்கும் இந்தத் தாளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கை வைப்பதென்றால்கூட உங்களிடம் விளக்கம் கேட்காமல் செய்ய முடியாது. அதற்குத் தொழிலாளர் துறையில் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

இரண்டாவது உங்கள் போன். பயத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். குரூப்பை அவர்கள் கலைத்தாலும், உங்களை நீக்கினாலும், நீங்களாக அழிக்காத வரை பழைய பேச்செல்லாம் உங்கள் போனில் அப்படியே இருக்கும். சூப்பர்வைசர் "சீட்டைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடு" என்று சொன்ன மெசேஜ், தேதி, நேரம், குரூப்பில் யார் யார் இருந்தார்கள் என்பது, இவைதான் உங்களைக் காப்பாற்றப் போகின்றன. நீங்கள் அனுப்பிய போட்டோவை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைத் திறந்தால் அதைப் பார்த்தவர்களின் பட்டியல் வரும், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒன்று, நீங்கள் பத்திரப்படுத்தும் அந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் அந்தப் பெரியவரின் நோய் விவரம்தான் இருக்கிறது. அதை வக்கீலைத் தவிர வேறு யாருக்கும், வீட்டுக்காரருக்கோ கூட வேலை பார்க்கும் தோழிக்கோகூட, அனுப்பக் கூடாது. உங்கள் நியாயத்தை நிரூபிக்கப் போய் அவருடைய ரகசியம் இரண்டாம் முறை வெளியே போகக் கூடாது.

சரி, பொறுப்பு யாருக்கு? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரின் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக வைக்கப்படுவது அவருடைய உரிமை என்கிறது. 24-ஆம் பிரிவு அது டிஜிட்டல் வடிவில் உள்ள தகவலுக்கும் பொருந்தும் என்று தெளிவாகவே சொல்கிறது, அதாவது வாட்ஸ்அப் போட்டோவும் உள்ளே வரும். மீறினால், முதல் தடவை என்றால், 108-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்பது உங்களை முழுக்க விடுவித்துவிடும் என்று நான் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் அது உங்கள் பங்கை வெகுவாகக் குறைக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் உங்கள் மேல் வழக்குப் போடுவோம் என்று நோட்டீஸில் மிரட்டியிருந்தால், அந்தப் பிரிவுக்குத் தவறான நஷ்டமோ லாபமோ ஏற்படுத்தும் நோக்கம், அல்லது ஏற்படும் என்ற அறிதல் வேண்டும். அந்தக் கேள்வி மாப்பிள்ளை வீட்டுக்குச் சீட்டை அனுப்பியவரை நோக்கிக் கேட்க வேண்டியது.

பெரிய பொறுப்பு ஏஜென்சியுடையது, இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பணியில் இருக்கும்போது, அவர்கள் உத்தரவுப்படி ஊழியர் செய்ததற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். மன ஆரோக்கிய நிலை, மருத்துவ வரலாறு எல்லாம் 2011 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே நுண்ணுணர்வுத் தகவல், அதாவது கூடுதல் பாதுகாப்போடு கையாள வேண்டிய தனிப்பட்ட தகவல், என்று பட்டியலிடப்பட்டவை. அவற்றைக் கையாளும் நிறுவனம் பாதுகாப்பில் அலட்சியம் காட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈடு தர வேண்டும். வேலையை விட்டுப்போனவரைக் குரூப்பிலிருந்து நீக்காமல் வைத்திருந்தது அலட்சியம் இல்லாமல் வேறென்ன? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்று பலரும் எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பணம் அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அல்ல. அந்தக் குடும்பத்துக்கு நடைமுறையில் பயன்படும் வழி, சேவைக் குறைபாடு என்று ஏஜென்சி மேல் இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதுதான்.

ஏஜென்சி தரப்பு ஒரு வாதம் வைக்கலாம்: "கல்யாணம் பேசும் இடத்தில் உண்மை தெரிய வேண்டியதுதானே, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது." 1998-இல் 'மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிடல் இசட்' வழக்கில் ஒருவரின் எச்ஐவி நிலை வெளியே தெரிந்து கல்யாணம் நின்றபோது, அவர் கேட்ட நஷ்டஈட்டை நீதிமன்றம் மறுத்தது நிஜம். அங்கே விஷயம் கல்யாணம் செய்யப்போகிறவரின் சொந்த உடல்நிலை, அதுவும் மணப்பெண்ணுக்குத் தொற்றக்கூடிய ஒன்று. இங்கே நோயாளி பெண்ணின் அப்பா. அவர் சாப்பிடும் மாத்திரையால் மாப்பிள்ளைக்கு என்ன ஆபத்து? பிறருக்குத் தீங்கோ உயிராபத்தோ இருந்தால்தான் 23-ஆம் பிரிவு விதிவிலக்குத் தருகிறது, அப்போதும் தேவையான அளவு மட்டுமே சொல்லலாம்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். அதில் குறிப்பிட்ட கெடுவுக்குள் பதில் போக வேண்டும். "நம்ம வக்கீலே உங்களுக்கும் சேர்த்துப் பதில் போடுவார்" என்று ஏஜென்சி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நலனும் அவர்கள் நலனும் இப்போது எதிரெதிர் திசையில் இருக்கின்றன. பதிலில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள்: யார் உத்தரவு, எந்தத் தேதி, ரகசியம் காப்பது பற்றி ஏஜென்சி ஏதாவது பயிற்சி கொடுத்ததா, சேரும்போது எதில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் குடும்பத்துக்கு உங்கள் வருத்தத்தையும் வக்கீல் மூலமாகவே, பொறுப்பை ஏற்கும் வாசகமாக மாறிவிடாதபடி, தெரிவிக்கலாம். நீங்களாகப் போன் செய்து அழாதீர்கள், அந்தப் பேச்சும் பதிவாகும்.

அப்புறம், நீங்கள் இன்னும் வேறு வீடுகளுக்கு டியூட்டி போகிறீர்கள் அல்லவா, அதற்காக இது. ஒரு மருந்துச் சீட்டை உற்றுப் பாருங்கள். மேலே பெயரும் வயதும், ஓரத்தில் ஆஸ்பத்திரி பதிவு எண், டாக்டர் பெயருக்குக் கீழே மனநலத் துறை என்ற வரி, நடுவில் லித்தியம் என்ற மனநல மருந்தின் பெயர், ஒற்றைச் சொல். போனில் தேடிப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் அது போதும். ஏஜென்சிக்குத் தேவைப்பட்டதோ "காலை மாத்திரை எட்டு மணிக்குக் கொடுத்தாச்சு" என்ற ஒரே வரி. இனி அந்த ஒரு வரியை மட்டும் அனுப்புங்கள், அதுவும் சூப்பர்வைசருக்குத் தனியாக. சீட்டு டாக்டருக்கு வேண்டுமென்றால் டாக்டருக்கு மட்டும். குறிப்பு நோட்டு நோயாளி வீட்டிலேயே பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். வாட்ஸ்அப் போட்டோக்கள் தானாக கேலரியில் சேருவதை நிறுத்துங்கள். நலம் விசாரிக்க வரும் சொந்தக்காரர் "என்னம்மா, அவருக்கு என்னதான் வியாதி?" என்று அன்பாகத்தான் கேட்பார், "அவரையே கேளுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மறுபடியும் குரூப்பில் போடச் சொன்னால், "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று கேளுங்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். நோட்டீஸ், அது வந்த கவர், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த தாள்கள், கடைசியாகச் சம்பளம் ஏறிய பேங்க் பாஸ்புக், அப்புறம் அந்தப் போன், இவற்றோடு போங்கள். இதைப் படிப்பதற்குள் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், சம்பளத்தை நிறுத்திவைத்து வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து அது என்று ஏஜென்சிக்கு இன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.