ஸ்பிரிட் என்று கேட்காதீர்கள், பேர் சொல்லிக் கேளுங்கள்

கேள்வி: அக்கா, வீட்டிலேயே சென்ட் கலந்து பழகுகிறேன். வாசனை எண்ணெய்கள் கொஞ்சம் வாங்கிவிட்டேன். கரைப்பதற்கு ஹார்டுவேர் கடையில் ‘ஸ்பிரிட்’ அரை லிட்டர் வாங்கி ஊற்றினேன். பாலிஷ் போட்ட கதவு மாதிரி வாடை அடிக்கிறது. ஒரு மாதம் மூடி வைத்தால் போய்விடும் என்கிறான் நண்பன். போகுமா? இல்லையென்றால் எதில் கரைப்பது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: போகாது தம்பி. போனாலும் அதை உடம்பில் பூசக் கூடாது. மர வேலைக்கு விற்கும் அந்த ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே மெத்தனால் போன்ற சரக்கைக் கலந்து வைக்கிறார்கள். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். குடித்தால்தானே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உள்ளே போகும். மிச்சத்தைப் பாலிஷ் வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். கலந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். அதில் போன எண்ணெய்க்காக வருத்தப்படாதீர்கள்.

சிக்கல் ‘ஸ்பிரிட்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. கடைக்காரர் அந்தப் பேரில் எதையும் கொடுக்கலாம். தொழிலில் சென்ட்டுக்குப் பயன்படுவது எத்தனால், அதாவது மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால், அதுவும் 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமானது. நம் ஊரில் அது மதுவிலக்குச் சட்டத்துக்குள் வரும் சரக்கு. அனுமதி இல்லாமல் சில்லறையில் வாங்கிவிட முடியாது. ஆன்லைனில் ‘பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால்’ என்று விற்கிறார்களே, அது குடிக்க முடியாதபடி கசப்புப் பொருளோ வேறு ஏதாவதோ சேர்த்த எத்தனாலாக இருக்க வேண்டும். வாங்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: “குடிக்க முடியாமல் செய்ய என்ன சேர்த்திருக்கிறீர்கள்?” பதில் எழுத்தில் வர வேண்டும், கூடவே அந்த பேட்ச்சுக்கான பகுப்பாய்வுச் சான்றும் வர வேண்டும். மெத்தனால் என்று வந்தாலும் சரி, பதிலே வராவிட்டாலும் சரி, அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்குத் தனியாக ஒரு ஆஸ்பத்திரி வாடை உண்டு. எலுமிச்சை, ஏலக்காய் மாதிரி முதலில் எழும் மென்மையான வாசனைகளை அது அமுக்கிவிடும். அறைக்குத் தெளிக்கப் பரவாயில்லை. சானிடைசரை ஊற்றிப் பார்க்காதீர்கள். அதில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுக்கும்.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் ஆல்கஹால் பக்கமே போக வேண்டாம். அத்தர் மாதிரி எண்ணெயில் கலந்து ரோல்-ஆன் பாட்டிலில் அடையுங்கள். எந்த எண்ணெய் என்பதுதான் அடுத்த கேள்வி.

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில்தான் நானும் தொடங்கினேன். அதன் வாசனை எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. சந்தனம் போட்டாலும் சமையலறைதான் மணத்தது. மார்கழிக் காலையில் பார்த்தால் பாட்டில் பாதி உறைந்து, உருளை சுற்றவே இல்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது இறுகத் தொடங்கும், மதுரைக் குளிரே அதற்குப் போதும். நீர்க்கட்டுமே என்று கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கினேன். மறுநாள் எண்ணெய் கீழேயும் ஆல்கஹால் மேலேயுமாகக் கோடு போட்டது போலப் பிரிந்து நின்றது.

அதற்குப் பதிலாக ‘ஃபிராக்‌ஷனேட்டட் கோகனட் ஆயில்’ என்று பேர் சொல்லிக் கேளுங்கள். எம்.சி.டி. எண்ணெய் என்றும் விற்பார்கள். உறையும் கொழுப்புகளைப் பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெய் அது. வாசனை கிடையாது, நம் ஊர்க் குளிருக்கு உறையாது, எளிதில் சிக்கு வாடையும் அடிக்காது. ஜொஜோபா இன்னும் நல்லது. உண்மையில் அது எண்ணெயே இல்லை, திரவ மெழுகு. பல மாதம் கெடாமல் இருக்கும். விலைதான் கையைக் கடிக்கும். பாதாம் எண்ணெய் வேண்டாம், நம் வெயிலுக்குச் சீக்கிரம் கெட்டுவிடும். நல்லெண்ணெயைத் தீபாவளிக் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பூசினால் பிசுக்கே தெரியக் கூடாது என்றால் ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட் என்ற லேசான திரவம் இருக்கிறது. எண்ணெயோடும் சேரும், ஆல்கஹாலோடும் சேரும். டி.பி.ஜி. எனப்படும் டைபுரொப்பிலீன் கிளைக்கால் கொஞ்சம் கெட்டியானது. குச்சி செருகி வைக்கும் அறை வாசனைக்கு அது பொருத்தம். வெனிலின் (வெனிலா மணம் தருவது) மாதிரிப் படிகங்களை எண்ணெயைவிட நன்றாகக் கரைக்கும். ஆனால் தேங்காய் எண்ணெயோடோ ஜொஜோபாவோடோ சேராது, மறுபடியும் கோடு போட்டு நிற்கும். டி.பி.ஜி. வாங்கும்போது வாசனைத் தயாரிப்புக்கான தரம் என்று லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். கெமிக்கல் கடையில் டிரம்மிலிருந்து ஊற்றித் தருவது எதற்காக வந்த சரக்கோ, யாருக்குத் தெரியும்?

எதை வாங்கினாலும் முதலில் 50 மில்லி போதும். வாசனை எதுவும் சேர்க்காமல் புறங்கையில் ஒரு சொட்டு தடவி, பத்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். அதற்கே ஒரு வாடை இருந்தால் நீங்கள் கலக்கும் எல்லாவற்றிலும் அது வரும். கலக்கும்போது சொட்டுக் கணக்கு வேண்டாம், எடைத் தராசு வைத்துக்கொள்ளுங்கள். பத்து கிராமில் ஒரு கிராம் வாசனை, ஒன்பது கிராம் எண்ணெய் என்று தொடங்கலாம். பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம் ஒன்று), எலுமிச்சை இவற்றின் தோல் எண்ணெய்களைக் கூட்டிப் போட்டுப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிவிடும், கவனம். பின்னால் ஆல்கஹாலுக்கு மாறினால், பூஜை விளக்கு எரியும் அறையில் பாட்டிலைத் திறக்காதீர்கள். அதன் ஆவி பற்றிக்கொள்ள மதுரைச் சூடெல்லாம் தேவையில்லை, 15 டிகிரிக்குப் பக்கத்திலேயே பற்றும்.

கேள்வி: ‘நூறு சதவீதம் சுத்தமான மதுரை மல்லி எசென்ஷியல் ஆயில்’ என்று 10 மில்லி 180 ரூபாய்க்கு வாங்கினேன். முகர்ந்தால் ஊதுபத்தி மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, வில்லாபுரம்

பதில்: கணக்கு நீங்களே போடுங்கள். மல்லிகையை ஆவியில் வடித்து எண்ணெய் எடுத்தால் கட்டுப்படியாகாது. ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகாக எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி ‘அப்சல்யூட்’ ஆக்குவார்கள். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறக்குறைய ஒரு டன் பூ வேண்டும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ மலிந்து கிலோ 200 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு இரண்டு லட்சம். அப்படியானால் 10 மில்லிக்குப் பூச்செலவு மட்டுமே 2,000 ரூபாய்க்குப் பக்கம். முகூர்த்த நாளில் பூ கிலோ ஆயிரத்தைத் தாண்டும், அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உங்கள் 180 ரூபாயில் மல்லி எங்கே இருக்கிறது? 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவின் பேர், லேபிளில் மட்டும் இருக்கிறது.

செயற்கை வாசனை குற்றமில்லை, நானும் வாங்குகிறேன். ‘ஃபிராகரன்ஸ் ஆயில்’ என்று எழுதி விற்றால் சண்டையே இல்லை. ‘சுத்தமான’ என்று எழுதியதுதான் தவறு. பில், லேபிள், விளம்பரப் பக்கம் மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் கடையில் எழுதிக் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்புறமும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் வரையிலான சரக்குக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: தோட்டத்து மல்லியை எண்ணெயில் காய்ச்சினால் வாசனை வருமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: காய்ச்சினால் வராது, சூட்டில் மணம் ஓடிவிடும். மல்லி பறித்த பிறகும் ராத்திரி முழுக்க மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் பூ. சாயங்காலம் மொட்டை ஈரமில்லாமல் துடைத்து, தட்டில் தடவிய கெட்டியான, வாசனையில்லாத கொழுப்பின் மேல் பரப்பி மூடுங்கள். மறுநாள் எடுத்துவிட்டுப் புதுப் பூ வையுங்கள். பத்து நாளாவது மாற்றினால்தான் மணம் ஏறும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். கடைக்கு நிகராக வராது, ஆனால் அது உண்மையான மல்லி.

கேள்வி: நான் கலந்ததைச் சித்திரைத் திருவிழாவில் ஸ்டால் போட்டு விற்கலாமா?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: நண்பர்களுக்குச் சும்மா கொடுக்கலாம். விற்பனைக்குத் தயாரிப்பது என்றால் சென்ட்டும் அழகுசாதனப் பொருள்தான்; 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும். பாட்டிலும் ஸ்டிக்கரும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் மருந்து கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.